சும்மா வீட்டிலதான்

என்ர றெஜினா அக்கா,

நேற்று உன்ர மனுசனோட சண்டை பிடிச்சுப்போட்டு வந்திருக்கிறன். கோவம் இன்னும் ஆறேல்லை, அதுதான் உனக்கே எழுதிறன். உன்ர மூண்டாம் வருச நினைவுப் பூசைக்கு அத்தான் அட்டை அடிக்கக் குடுக்க இருந்தார். எழுதி வைச்சிருந்ததை வாங்கிப் பாத்தன். உன்ர படத்துக்குக் கீழ 'அன்பான இல்லத்தரசி' எண்டு கிடக்கு. பேனையை எடுத்து வெட்டிப்போட்டன்.

"உனக்கென்ன விசரே?" எண்டு கேட்டார். ஓம், விசர்தான். இருபது வருசமா விடியக் கரைக்குப் போய் வலையில மீன் கழட்டின மனுசியை எந்த இல்லத்துக்கு அரசி எண்டு போடுறது?

கொரோனா வந்து ஊரடங்கு போட்ட முதல் கிழமை ஞாபகம் இருக்கே? எங்கட கிராம அலுவலர், அந்த விதானையார், வேலிக்கு அங்கால நிண்டு ஒவ்வொருத்தரின்ர தொழிலையும் கேட்டு எழுதினவர். கையில செதில் ஒட்டியிருக்க நீ சொன்னாய்: "சும்மா வீட்டிலதான் ஐயா. அவர்தான் கடலுக்குப் போறவர்." பக்கத்தில நிண்ட நானும் அதையேதான் சொன்னனான். எங்கட கரையில எந்தப் பொம்பிளை வேற மாதிரிச் சொல்லியிருப்பாள்? பெண்சாதியும் உழைக்கிறாள் எண்டு வெளியாளிட்டச் சொன்னால் புருசனுக்கு மரியாதைக் குறைவு எண்டு அம்மா பழக்கின பழக்கம். அந்த விதானையாரும் எங்கட கையைப் பாத்தவர்தானே, ஒருக்காத் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

அந்த லிஸ்டைப் பாத்துத்தான் ஊரடங்கில வெளியில போக பாஸ் குடுத்தது. பாஸ் எல்லாம் ஆம்பிளையளுக்கு. நாங்கள் விடிய வெளிக்கிட்டுப் போக, சந்தியில காவலுக்கு நிண்டவை மறிச்சு, "வீட்டில வேலை இல்லையோ, திரும்பிப் போங்கோ" எண்டினம். கழட்டுற கூலியும் போச்சு, கறிக்குத் தாற மீனும் போச்சு. படகு வைச்சிருந்த சம்மாட்டி, பாஸ் இருந்த ஆம்பிளையளை வைச்சு வலை கழட்டினான். ஊரடங்கு எடுத்தாப் பிறகு போய்க் கேட்டம். "அவங்கள் பழகிட்டாங்கள் தங்கச்சி" எண்டான். அவங்களுக்கு நாட்கூலி, சாப்பாடு, தேத்தண்ணி எல்லாம். அதே வேலையை நாங்கள் செய்யேக்க அதுக்குப் பேர் உதவி.

பிறகு நீ செய்ததைத்தான் என்னால பொறுக்க ஏலாது. கறி இருந்தால் முதல் அத்தானுக்கு, பிறகு உன்ர பொடியனுக்கு, பிறகு மகள் மேர்லினுக்கு. உன்ர கோப்பையில வெறுஞ் சோறும் சம்பலும். "எனக்குப் பசிக்கேல்லையடி" எண்டாய். சீனி வருத்தக்காரி, பசிக்கேல்லையாம். ஆசுப்பத்திரிக்குப் பஸ் இல்லாத நாளில குளிசையைப் பாதியா முறிச்சுப் போட்டனி. பஸ் ஓடத் துவங்கி, ஆசுப்பத்திரியில குளிசை இல்லை, வெளியில வாங்கு எண்டு சொன்ன பிறகும் முறிச்சுத்தான் போட்டனி. உன்ர உழைப்பெண்டு கையில ஒண்டுமில்லை, அத்தானிட்டக் கேக்க உனக்கு வெக்கம். காலில வந்த புண்ணைச் சீலையால மூடி வைச்சிருந்தாய். என்னட்டையும் காட்டேல்லை. ஏனக்கா? நான் ஆர் உனக்கு?

"கொரோனாவில செத்தவவோ?" எண்டு இப்பவும் ஆக்கள் கேக்கினம். இல்லை எண்டு சொல்லுறன். அப்ப நீ எதில செத்தாய்?

உன்னிலயும் எனக்குக் கோவம். வீட்டில இருந்த ஒரு ஃபோனைப் பாடம் படிக்கப் பொடியனிட்டக் குடுத்தது நீதான். "அவள் பொம்பிளைப் பிள்ளைதானே, பிறகு படிக்கலாம்" எண்டாய். அந்தப் பிறகு வரவேயில்லை. மேர்லினுக்கு இப்ப பத்தொன்பது வயசு. வேறொரு சம்மாட்டியின்ர மீன் வாடியில அரைக் கூலிக்கு வலையில நண்டு கழட்டுறாள்.

போன கிழமை திரும்பவும் ஒரு படிவம் வந்தது, உதவிப் பணத்துக்காம். அரசாங்கக் கந்தோரில வேலை செய்யிற ஒரு பிள்ளை வந்து முத்தத்தில கதிரை போட்டிருந்து கேட்டா, "தொழில்?" மேர்லின் தலையைக் குனிஞ்சுகொண்டு, "சும்மா வீட்டிலதான் மிஸ்" எண்டாள். அப்பிடியே உன்ர குரல்.

"கையைக் காட்டடி" எண்டன். காட்டினாள். விரலெல்லாம் நண்டு கிழிச்ச வெட்டு. "எழுதுங்கோ மிஸ், மீன்பிடித் தொழிலாளி."

"அப்பாவைத்தானே அப்பிடிப் போட்டிருக்கு அன்ரி. ஒரு வீட்டில ரெண்டு பேரைப் போடலாமோ தெரியேல்லை."

"கேட்டுக்கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் அவள் கையெழுத்து வைக்கமாட்டாள்."

அத்தான் உள்ளுக்கிருந்து, "வாறதையும் கெடுக்காத" எண்டார். மேர்லின் என்னைப் பாத்தாள், தேப்பனைப் பாத்தாள். பிறகு பேனையைக் கீழ வைச்சாள்.

அந்த உதவி வராமலும் போகலாம். எனக்குப் பயமாத்தான் இருக்கு. எண்டாலும் திங்கக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போறன். எங்களோட கழட்டின மற்றப் பொம்பிளையளும் வாறம் எண்டிருக்கினம், எத்தினை பேர் வருவினமோ தெரியாது. ஒருத்தரும் வராட்டிலும் போவன். அவளின்ர பேருக்கு நேர அவளின்ர தொழிலை எழுதாமல் திரும்பமாட்டன். உன்ர அட்டையிலயும் அதைத்தான் போடச் சொல்லிக் குடுத்திருக்கிறன். அத்தான் கோவிச்சுக்கொண்டு பூசைக்கு வராமல் விட்டால் விடட்டும்.

அண்டைக்கு வேலியடியில நான் வாயைத் திறந்திருக்க வேணும் அக்கா. இனித் திறப்பன்.

உன்ர கூடப்பிறந்தவள்,
பிலோமினா,
மீன்பிடித் தொழிலாளி.