ரோமச் சேவகரின் இரண்டாம் வரிசை

வெரிபீ
13.03.2011

அன்பின் ஜெசி,

தொலைபேசி எடுத்தால் மூன்றாவது நிமிடமே சண்டை. அதுதான் எழுதுகிறேன். தங்கச்சி வீடு என்று முழுச் சமையலையும் உமது தலையில் போட்டுக்கொள்ளாதேயும்.

ஐயாவைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு லீவு போட்டு வீட்டில் நிற்கிறேன். பெரிய வெள்ளிக்குக் கோயிலில் திருப்பாடுகளின் நாடகம். நாடகம் பழக்கும் கிறிஸ்ரியன் அங்கிள் எனக்கு ரோமச் சேவகரின் நூற்றுவர் தலைவன் வேடம் தந்திருக்கிறார். என் வண்டி வயிற்றுக்குக் கவசம் பூட்டாது என்று எல்லோருக்கும் சிரிப்பு. நூலகத்தில் ரோமர் போரிட்ட விதம் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். இங்கு வரமுன் மன்னாரில் நாங்கள் நாடகத்தில் வாளைத் தலைக்கு மேல் சுழற்றியதெல்லாம் பிழையாம்! தோளிலிருந்து முழங்கால் வரை மறைக்கும் கேடயத்தோடு நெருங்கி, குட்டை வாளால் குத்துவார்களாம். அதற்கு முன் ஈட்டி எறிவார்கள். அதன் இரும்பு வளைந்துவிடுவதால் எதிரியால் திருப்பி எறிய முடியாது. நாம் இருவரும் எறியும் சொல் மட்டும்தான் உடனே திரும்பி வருகிறது.

நீர் ஓடிப்போய் இரண்டு மாதம். எப்போது வருகிறீர்?

நொயல்

பென்டில் ஹில்
20.03.2011

அன்பின் அத்தான்,

கவசம் பூட்டாவிட்டால் இரவுச் சோற்றைக் குறையுங்கள்.

"ஓடிப்போய்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாரிசவாதம் வந்த மாமாவை, உங்கள் ஐயாவை, மூன்று வருடம் தூக்கினேன், துடைத்தேன், ஊட்டினேன். நீங்கள் வேலையால் வரும்போது அவர் குளித்துச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். எனக்கு நாரி பிடித்து இடுப்பை நிமிர்த்த முடியாத அன்றும் "இன்னும் கொஞ்சம் சமாளியும்" என்றீர்கள். மாமா மீது எனக்குக் கோபமே இல்லை. உங்கள் மீதுதான். அந்தச் சொல்லை இன்னொரு முறை எழுதினால் பதில் போடமாட்டேன்.

ஜெசிந்தா

வெரிபீ
03.04.2011

என் ஜெசி,

நேற்றும் ஐயாவைக் குளிப்பாட்ட எனக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. கண்ணில் சவர்க்காரம் பட்டுவிட்டது. "ஜெசி எங்கை?" என்று கேட்டார். "களைச்சுப் போனா, ஐயா." "அப்ப விடடா, ஆறட்டும்" என்றார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

அவரையும் சில்லுக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். நாடகத்தில் போர் இல்லைத்தான். ஆனாலும் புத்தகத்தில் உள்ளபடி வரிசையாக நின்று பார்த்தோம். ரோமரில் முன்னால் நிற்பவன் விழும்வரை நிற்பதில்லையாம். களைத்தவன் பின்னுக்கு வர, பின்னால் நிற்பவன் அவன் இடத்துக்குப் போவானாம். அந்தப் பலகைக் கேடயத்தைத் தூக்கிப் பத்து நிமிடத்தில் என் கை விட்டுப்போனது. பின்னால் நின்ற தேவராஜா தோளில் தட்டினான். "நொயல், நீ பின்னுக்கு வா, நான் நிக்கிறன்." அத்தனை பேருக்கு முன்னால் அழுதுவிட்டேன்.

நீர் ஓடவில்லை, ஜெசி. நான்தான் மூன்று வருடமாக உம்முடைய தோளில் தட்டவில்லை. மன்னியும். வரச்சொல்லிக் கேட்கமாட்டேன். வடிவாகக் களைப்பாறும்.

உம்முடைய நொயல்

பென்டில் ஹில்
12.04.2011

அன்பின் அத்தான்,

உங்கள் கடிதத்தைக் குசினி அடுப்படியில் நின்று வாசித்தேன். அழுத அழுகையில் தங்கச்சி டிலக்சி பயந்துபோனாள்.

மாமாவின் தலையைப் பின்னால் சாய்த்து, நெற்றியில் கையை அணையாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணில் படாது.

நாரி சுகம். இரண்டு நாளாக ஒரு யோசனை. இப்போது முன்னால் நிற்பது நீங்கள். உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

இருபதாம் திகதி விமானத்துக்குப் பதிந்துவிட்டேன். காலையில் மாமா உங்கள் பொறுப்பு, மாலையில் என் பொறுப்பு. வேலையை அதற்கேற்ப மாற்றுங்கள். சம்மதம் என்றால் விமான நிலையத்துக்கு வாருங்கள். இல்லையென்றால் வரவேண்டாம், அப்படியே திரும்பிவிடுவேன்.

பத்து மணிக்குத்தான் இறங்குவேன். விடியவே வந்து நிற்காதேயுங்கள்.

உங்கள் ஜெசி