நம் வண்டிக்குச் சூடு பிடித்த விதம்

கள்ளக்குறிச்சி,
மார்கழி, கடைசி வெள்ளி.

அன்பு மகள் எழில்மதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் லாரியும் சுகம், மூன்றில் லாரி சுகமானது போன வாரம்தான். கனடாவில் நீ நன்றாக இருக்கிறாய், உன் வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை என்று அப்பா சொன்னார். நீ வாங்கிய பழைய பிக்கப்பில் ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லையாம், கையுறை போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கிறாயாம், ஒர்க்‌ஷாப்காரன் எல்லாவற்றையும் பிரித்து ஹீட்டரையே மாற்ற வேண்டும் என்கிறானாம். அவனிடம் சரி என்று சொல்லிவிடாதே. இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் வண்டியில் கை வை. போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் ஹீட்டர் என்று வாயெடுத்தாலே உங்க அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு தானே ரிப்பேர் பார்த்ததாகக் கதை விடுகிறார். நடந்தது என்ன என்று நீ தெரிந்துகொள்ள வேண்டாமா, அதனால்தான் ஊறுகாய்ப் பார்சலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

நம் லாரி நம்மிடம் வருவதற்கு முன்னால் வடக்கே மலைப்பக்கம் ஆப்பிள் ஏற்றிய வண்டி என்று உனக்குத் தெரியும், ஹீட்டர் அதோடு வந்ததுதான். வாங்கிய நாளிலிருந்து அதன் சிவப்புக் குமிழில் அப்பா துண்டு மாட்டி வைப்பார், வேறு உபயோகம் கிடையாது. இந்த மார்கழியில் கல்வராயன் மலையில் பனி ஜாஸ்தி. கடுக்காய் எடுக்க விடியுமுன் வெள்ளிமலைச் சந்தைக்கு ஏறினால் காதுக்குள் ஊசி வைத்துக் குத்துகிற மாதிரி வலி, காதில் குளிர் படவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் போகாமல் அப்பாவை மட்டும் அனுப்பவும் முடியாது, அவருக்கு மூட்டையின் மேலே இருக்கிற காய்தான் கண்ணுக்குத் தெரியும், அடியில் முழுக்கப் புழு இருந்தாலும் மேல்காயைத் தடவிப் பார்த்து அருமை என்று தூக்கி வந்துவிடுவார். சரி என்று குரங்குக் குல்லா, அதன்மேல் மஃப்ளர், அதன்மேல் கம்பளி என்று சுற்றிக்கொண்டு போனேன். காலங்காலமாக மலையில் காய் பொறுக்கி எனக்கே போடுகிற ஆயம்மாள், பனியில் நான் வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு ஐயோ கரடிடீ என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அப்பா சிரித்தார், அதை நான் மறக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற தனசேகரன், நம்மைப்போலக் கடுக்காய் வாங்க வருகிற சங்கராபுரத்துக்காரன், சிரிக்கவில்லை. அமிர்தம் அக்காவுக்கு வயசாயிடிச்சி, குளிரு தாங்கல, அடுத்த சந்தைக்கு அது வராது, காயை எங்கிட்டயே போட்டுடுங்க என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். அந்தக் காய் வருகிற மலையூர்கள் எல்லாம் நான் நடந்தே ஏறி இறங்கிப் பிடித்தவை. அடுத்த சந்தைக்குக் குல்லாவும் கம்பளியும் இல்லாமல் வெறும் சேலையோடு போய் இறங்காவிட்டால் அத்தனையும் அவனுக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அன்றைக்கே அப்பாவிடம், அடுத்த சந்தைக்குள் கேபினில் சூடு வர வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு பஸ்ஸில் போவோம் என்றேன். மனிதர் பயந்துபோய் வண்டியை நம் மெக்கானிக் முனியனிடம் விட்டார். அவன், இன்னாண்ணே கள்ளக்குறிச்சில ஹீட்டரா, வெளிய வந்து நில்லுங்க அதான் ஹீட்டரு என்று சொல்லி அனுப்பிவிட்டான். அடுத்து அப்பா கேபினுக்குள் கரியடுப்பு வைக்கலாம் என்று ஒரு யோசனை கொண்டுவந்தார். மூடின வண்டிக்குள் கரி எரித்தால் மலை ஏறுமுன் இரண்டு பேரும் மேலே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று அடுப்பைப் பிடுங்கி வைத்தேன். நீயும் குளிர் தாங்காமல் உள்ளே எதையாவது கொளுத்தி வைக்காதே.

அப்புறம் நானே இறங்கினேன். கை விட்டுப் பார்க்காமல் மூட்டைக்கு விலை சொல்லாதே என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், வண்டியும் ஒரு மூட்டைதான். முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்துவிடாதே, முகம் வெந்துவிடும். பிறகு எஞ்சினை நன்றாக ஓடவிட்டு ஹீட்டருக்குப் போகிற குழாய், திரும்பி வருகிற குழாய் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். (தொடும்போது முடியை முடிந்துகொள், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது.) ஒன்று கொதித்து ஒன்று சில்லென்று இருந்தால் ஹீட்டருக்குள் அடைப்பு. நம்முடையது இரண்டும் ஆறிப்போன காபி மாதிரி இருந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள்ளும் படுத்தது படுத்தபடி கிடந்தது. எஞ்சினே சூடாகவில்லை என்றால் ஹீட்டர் யார் வீட்டிலிருந்து சூடு கொண்டுவரும்? முனியனைக் கூப்பிட்டு, முள் ஏன்டா எழுந்திருக்க மாட்டேங்குது என்று கேட்டேன். அவன் பெருமையாக, எப்பிடிக்கா எழுந்திருக்கும், தெர்மோஸ்டாட் வால்வைத்தான் அப்பவே கழட்டிட்டேனே, எங்கிட்ட எந்த வண்டி வந்தாலும் மொத வேலை அதான், நம்மூரு வெயிலுக்கு அது இன்னாத்துக்கு என்றான். எஞ்சின் சூடேறுகிறவரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் பிடித்து வைக்கிற சின்ன மூடிதான் அந்த வால்வு. கள்ளக்குறிச்சியில் பாதி வண்டியின் வால்வு அவன் ஷெட்டில் ஒரு பெயிண்ட் பக்கெட்டில் கிடக்கிறது. நம்முடையதைத் தேடி எடுத்தான். பழைய சாமானைச் சோதிக்காமல் வாங்குவேனா, வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதில் போட்டுக் கொதிக்கவிட்டேன், கொதிக்கும்போது வாயைத் திறந்தது, ஆறியதும் மூடிக்கொண்டது, நல்ல வால்வு. அதற்குள் அப்பா வந்து, சூப்பா அமிர்தம் என்று கரண்டியை விட்டுவிட்டார். நல்லவேளை தட்டிவிட்டேன்.

வால்வை மாட்டியதும் முள் எழுந்தது, இரண்டு குழாயிலும் கை வைக்க முடியவில்லை. ஆனால் உள்ளே குமிழைத் திருப்பினால் காற்று மட்டும் நோயாளி மூச்சு மாதிரி வந்தது. மோட்டாரை மாத்தணும்க்கா என்றான் முனியன். மோட்டார் உள்ளே நன்றாகத்தான் இரைந்துகொண்டிருந்தது, எனக்குச் சந்தேகம் வந்து காற்று வருகிற ஓட்டைக்குள் விரலை விட்டேன். ஊதுவத்திக் குச்சி. இன்னும் உள்ளே விட்டால் விபூதிப் பொட்டலம், அதற்குப் பின்னால் குங்குமப் பொட்டலம், காய்ந்த கதம்பம், கல்லாகிப்போன எலுமிச்சை. உங்க அப்பா போகிற கோயிலில் எல்லாம் வாங்கிய பிரசாதத்தைக் கால் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது என்று ஓட்டை ஓட்டையாக அடைத்து வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் எடுங்கள் என்றேன். எடுத்தேன் என்றார். கைக்கு எட்டினதை மட்டும் எடுத்துவிட்டு, உள்ள இருக்கறது சாமி, அது இருந்துட்டுப் போவட்டும் என்று விட்டுவிட்டார் என்பது எனக்கு வெள்ளிமலையில்தான் தெரிந்தது.

சந்தையன்று குல்லா இல்லாமல், கம்பளி இல்லாமல் ஜம்மென்று உட்கார்ந்து போனேன், காற்று கொஞ்சம் கம்மி என்றாலும் காது வலிக்கவில்லை. வண்டி நின்றதும் தனசேகரன் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டி, இன்னாக்கா, கரடி வேஷம் கலைச்சாச்சா என்றான். அப்பாவுக்குக் கோபம் வந்து, எங்க வண்டில ஹீட்டரு இருக்குடா பாரு என்று குமிழைக் கடைசிவரை திருகினார். குமிழ் கையோடு வந்துவிட்டது, உள்ளே தங்கியிருந்த அத்தனை சாமியும் வெளியே வந்துவிட்டது. விபூதிப் புழுதி அடங்கிப் பார்த்தால் தனசேகரன் தலைமுதல் கழுத்துவரை வெள்ளையாய், நெற்றியில் குங்குமமாய் நின்று விடாமல் தும்முகிறான். ஆயம்மாள் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாமி சந்நிதில சண்டை வேணாம், காயை எடுத்துக்கினு போக்கா என்று மூட்டையை நம் வண்டிக்குத் தள்ளினாள். மற்றவர்களும் தள்ளினார்கள். நான் அடிவரை கை விட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன், சாமி வேறு வியாபாரம் வேறு.

குமிழ் போனதால் திரும்பும்போது ஹீட்டரை நிறுத்த முடியவில்லை. அப்பா ஃபியூஸைப் பிடுங்குகிறேன் என்று எதையோ பிடுங்கினார், ஹாரன் செத்தது. மலை இறங்குகிறவரை வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி வண்டி வருது வண்டி வருது என்று கத்திக்கொண்டே வந்தார், கள்ளக்குறிச்சி வந்து சேரும்போது சட்டையைக் கழற்றிவிட்டு இட்லி மாதிரி வெந்திருந்தார். முனியன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதுக்கு ஒரே வழிதான்க்கா, அந்த வால்வைக் கழட்டிடலாமா என்றான். குமிழை மட்டும் மாட்டு என்று உட்கார வைத்து மாட்டவைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொள், வெறும் வயிற்றோடு வண்டி எடுக்காதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று. நீ வண்டி வாங்கியபோது அப்பா கூரியரில் விபூதிப் பொட்டலங்கள் அனுப்பினார், வீடியோவில் பேசும்போது, கீழ வெக்காதம்மா, முன்னாடி ஓட்டை இருக்குதுல்ல அதுல வை என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. ஒர்க்‌ஷாப்காரனுக்குப் போன் போடுமுன் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
க. அமிர்தம்,
கடுக்காய், புளி வியாபாரம்.