நீ துணைக்கு அனுப்பிய எலுமிச்சம்பழம்

சௌபாக்கியவதி லலிதாம்பாளுக்கு,

மதுரையில் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சேலத்தில் மழை உண்டா?

கார் ஒருமுறை மக்கர் செய்தாலும் தறிக்கூட வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்புவதாக உனக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். அதனால் இதைப் பதறாமல் படி. நேற்றுக் காலை செல்லூர்ச் சந்தில் கார் கிளம்பவில்லை.

பேட்டரியா, பெட்ரோலா, என் மூளையா என்று வரிசையாகச் சோதித்தேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவதைப் பற்றி உறுதியில்லாததால் காரின் கையேட்டைப் புரட்டினேன். பின்னால் எங்கள் தறிக்கூடத்து நூல் மூட்டைகளுடன் சரக்கு ஆட்டோவில் காத்திருந்த காசிமாயன் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, எம்புட்டு நேரமாப் படிக்கிறீங்க! வண்டி என்ன பரீட்சைக்கா போகுது?"

"கிளட்சை முழுசா அழுத்தினாத்தான் கிளம்பும்னு போட்டிருக்கு. அழுத்திக்கிட்டுதான் இருக்கேன்."

"பயப்படாம மிதிங்கண்ணே!"

மிதித்தேன். காலில் ஈரம் தெறித்தது. ஆயில் ஒழுகுகிறதோ என்று குனிந்து முகர்ந்தால் எலுமிச்சை வாசனை. துணைக்கு இருக்கட்டும் என்று முன்கண்ணாடியருகே நீ வைத்த மாரியம்மன் கோயில் பழம், உருண்டு போய்க் கிளட்சுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது! அதை எடுத்ததும் கார் கிளம்பியது. சந்தே கைதட்டியது.

ஆகவே மக்கர் செய்தது கார் அல்ல என்றே நினைக்கிறேன். தவறானால் சொல்.

பூண்டுப்பொடி தீர்ந்துவிட்டது. கொஞ்சம் போதும், ஒருவன்தானே. வேறு பழமும் வேண்டும், ஆனால் தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டுவந்து, மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார். அங்கிருந்தால் உருளாது.

தறிக்கூட மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

ஹரிராம்