வெள்ளிக்கிழமைக் கதை

காஜா பெராங், மலாக்கா
7.3.1943

மதிப்பிற்குரிய சேதுபதி வாத்தியார் ஐயா அவர்களுக்கு,

சந்திரமதி வணக்கத்துடன் எழுதுவது. குருபோங்கில் நீங்களும் அக்காவும் நலம் என்று மரவள்ளிக்கிழங்கு கொண்டுவரும் கணேசமூர்த்தி சொன்னார். பள்ளிக்கூடத்தை மறுபடி திறந்துவிட்டோம். காலையில் ஜப்பான் பாட்டு, பிறகு ஜப்பான் எழுத்து. தமிழுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம்தான்.

ஊரைவிட்டுப் போகும்போது நூலக அலமாரியைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விட்டீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் கதையைப் பாதிவரை வாசித்துவிட்டு, "மீதி வேணும்னா அலமாரியைக் கேளு" என்பீர்களே, பிள்ளைகள் அதை மறக்கவில்லை. சண்டைக்கு முந்திய கடைசி வெள்ளிக்கிழமை, காணாமல்போன ஓடக்காரத் தகப்பனைத் தேடி ஆற்றில் தனியாகப் போன பெண்ணின் கதையை வாசித்தீர்கள். ஓடம் நடு ஆற்றுக்கு வந்ததும் நிறுத்திவிட்டீர்கள். மூன்றாம் வகுப்புப் பூங்காவனம் என்னை விடுவதில்லை. "டீச்சர், அவ அப்பாவக் கண்டுபிடிச்சாளா இல்லையா?" என்கிறாள்.

சாவியைக் கணேசமூர்த்தியிடம் கொடுத்தனுப்புங்கள்.

தங்கள் பணிவுள்ள
சந்திரமதி

குருபோங்
21.3.1943

அன்புள்ள சந்திரமதி டீச்சருக்கு,

ஆசிகள். சாவி என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. காகிதம் கிடைக்காத காலம் அம்மா. திறந்தால் என் நூற்று நாற்பது புத்தகமும் ஒரே மாதத்தில் கடலைப் பொட்டலமாகிவிடும். கடைகடையாக ஏறி இறங்கி, பதினோரு வருஷத்தில் சேர்த்தவை. கதவை உடைக்கிற எண்ணமும் வேண்டாம், நல்ல தேக்கு.

பூங்காவனம் கேட்கிறாள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் முறை பலித்துவிட்டது. முடிவைச் சொல்லிவிட்டால் புத்தகத்தைத் தொடமாட்டாள். அந்தப் பசி இருக்கட்டும்.

அன்புடன்
சேதுபதி

காஜா பெராங்
9.5.1943

மதிப்பிற்குரிய ஐயா,

பசி என்று எழுதியிருந்தீர்கள். இங்கே அதற்குக் குறைவில்லை.

பூங்காவனத்தின் அப்பா சுப்பையனை உங்களுக்குத் தெரியும், மாட்டுவண்டி ஓட்டுகிறவர். சம்பளமும் அரிசியும் தருவதாகக் கூப்பிட்டு ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். ஒரு தகவலும் இல்லை. அவளுக்கோ பத்து நாளாகக் குளிர்காய்ச்சல். கொய்னா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. நான் பார்க்கப் போனால், அம்மாவிடம் கஞ்சி கேட்பதில்லை, என்னிடம் கதையைத்தான் கேட்கிறாள். ஏன் கேட்கிறாள் என்று நான் எழுதவேண்டியதில்லை.

புத்தகம் வேண்டாம் ஐயா. முடிவை மட்டும் நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சந்திரமதி

குருபோங்
6.6.1943

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் என் மனத்தைப் பிசைந்துவிட்டது. மூன்று வாரம் யோசித்து, இத்துடன் சாவியை அனுப்புகிறேன். முடிவை நான் எழுதவில்லை. அவளே படித்துத் தெரிந்துகொள்ளட்டும், அதுதான் அவளுக்கு நல்லது. புத்தகம் மேல்தட்டில் இடப்பக்கம். எடுக்குமுன் கைகழுவச் சொல்லுங்கள். பதிவேட்டில் அவள் கையாலேயே பெயர் எழுதட்டும்.

சேதுபதி

காஜா பெராங்
13.6.1943

சேதுபதி வாத்தியாருக்கு,

சாவி வியாழக்கிழமை வந்தது. பூங்காவனம் அதற்கு முந்திய சனிக்கிழமை போய்விட்டாள்.

கடைசி நாள் அவள் பக்கத்தில் இருந்தேன். பொறுக்கமுடியாமல் நானே ஒரு முடிவு சொன்னேன். அப்பா கரையில் நின்றார், மகளைத் தூக்கிக்கொண்டார் என்றேன். கண்ணை மூடியபடியே கேட்டவள், "இது புத்தகத்துல இல்ல டீச்சர். நீங்களா சொல்றீங்க" என்றாள். உங்கள் முறை அவ்வளவு நன்றாகப் பலித்திருந்தது. என் வாயால் வந்ததை அவள் நம்பவில்லை.

அன்றே ஒரு கோடாலி எடுத்திருக்கலாம். உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நின்றேன். அந்தப் பாவம் என்னுடையது, அதை உங்கள் தலையில் போடமாட்டேன்.

அலமாரியைத் திறந்தேன். கதவு உறுதிதான், பின்பலகை வழியாகக் கரையான் ஏறியிருக்கிறது. மேல்தட்டில் இடப்பக்கம் கைவைத்தேன். அட்டை மட்டும் கையோடு வந்தது, உள்ளே மண். நூற்று நாற்பதில் ஆறு தேறும். அவற்றைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கைகழுவச் சொல்லவில்லை.

அந்தக் கதையின் முடிவு இனி உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு எழுதவேண்டாம்.

சாவியைத் திருப்பி அனுப்புகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திரமதி