பொனட்டில் சந்தனம் வைத்த இடம்

கார் பாலிஷ் மெஷினின் பஞ்சு சூடாகிப் பசையின் வாசனை எழும்பும்போதெல்லாம் நீங்கள் பின்னால் வந்து நிற்பதுபோலவே இருக்கிறது. இன்று காலையும் திரும்பிப் பார்த்தேன். உங்கள் தம்பி நின்றிருந்தார். எரிச்சலாக வந்தது.

நீங்கள் கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் பதுளையில் பாதிப் பேருக்கு நம் கடையைப் பற்றித்தான் கவலை. பொம்பளை கையில் மெஷின் நிற்காதாம். ஒரு காரில் பெயின்ட் போனாலும் கடையை மூடிவிட்டு, ஸ்பிரிங்வெளி தோட்டத்து லயத்து வீட்டில் அத்தையோடு போய் இருக்க வேண்டும் என்று உங்கள் தம்பி சொல்லிவிட்டார். நானும் சரி என்றேன். வீம்புதான்.

இன்று வந்தது கல்யாணங்களுக்கு ஹயரில், வாடகைக்குப் போகும் கறுப்புக் கார். ஓனர் தெமோதரைக்காரர். வெள்ளிக்கிழமை தவறாமல் பொனட்டின் நடுவில் சந்தனம் குங்குமம் வைப்பார். காய்ந்ததை மறுநாள் தேங்காய்த் தும்பால் தேய்த்து எடுப்பார். நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் மட்டும் மங்கலாக ஒரு வட்டம்.

"அந்த வட்டம் போயிரணும்மா. மாப்பிள்ளை ஏறுற வண்டி" என்றார்.

நாம் கடை போட்ட புதிதில், ஒரு நீல வேனில் இதே மாதிரி வட்டத்தின்மேல் நீங்கள் மெஷினை அழுத்திப் பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? பெயின்ட்டுக்கு மேலே இருந்த லெக்கர் பூச்சு ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தது நமக்குத் தெரியவில்லை. நீலம் போய் அடியில் இருந்த சாம்பல் நிறம் பல்லிளித்தது. அன்று முழுக்க நீங்கள் சாப்பிடவில்லை. "தேய்ச்சாப் போயிரும்னு நெனச்சேன் புள்ள. அங்க தேய்க்க ஒண்ணுமே மிச்சமில்ல" என்றீர்கள்.

அதற்கப்புறம் நாம் சண்டை போட்டுச் சண்டை போட்டுத்தான் முறையைக் கண்டுபிடித்தோம். வெயிலில் நின்ற வண்டியை ஆறவிட்டோம், ஓரங்களுக்கு டேப் ஒட்டினோம், முதலில் ஒரு மூலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். புறங்கையால் சூடு பார்க்கும் யோசனை என்னுடையது. அதையும் உங்களுடையதென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

இன்று வண்டி முழுவதும் கண்ணாடி மாதிரி வந்தது. வட்டத்தின் பக்கம் மட்டும் மெஷினைக் கொண்டுபோகவில்லை. கையால் மெழுகு பூசி விட்டேன்.

"அழுத்திப் பிடிங்க அண்ணி, போயிரும். குடுங்க, நான் பிடிக்கிறேன்" என்று உங்கள் தம்பி மெஷினில் கை வைத்தார். நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஓனர் முகம் சுண்டிப்போனது. "வட்டம் இன்னும் தெரியுதேம்மா."

"தெரியட்டுங்க. அங்க லெக்கர் இல்ல. மெஷின் வச்சா பெயின்ட்டும் சேர்ந்து வந்துரும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. அங்கதானே சந்தனம் வைப்பீங்க? மறைஞ்சிரும்."

அவர் வட்டத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "சரி விடுங்க, மாப்பிள்ளை பொனட்டையா பார்த்து ஏறப்போறாரு" என்று வண்டியை எடுத்தார்.

"இப்படி எத்தனை நாளைக்கு அண்ணி?" என்றார் உங்கள் தம்பி.

"நான் இருக்கிற வரைக்கும். வேலை இருந்தா நில்லுங்க, இல்லாட்டி வழியை விடுங்க" என்றேன்.

உங்களைத் தூக்கிய அன்று எல்லோரும் என்னை அழச் சொன்னார்கள். வரவில்லை. இப்போது வருகிறது, அதுவும் மெஷின் ஓடும்போதுதான். வரட்டும் என்று அழுதுகொண்டே ஓட்டுகிறேன். கையை மட்டும் நிறுத்துவதில்லை. ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட் கருகிவிடும்.