ஆளில்லாத அகாத்லா

அகாத்லா
1603 மார்ச் 4

அன்புத் தம்பி கஸ்பாருக்கு,

உன் அக்கா மக்தலேனா சொல்லச் சொல்ல, கோயில் பாடகன் எஸ்தெபான் எழுதுகிறான். உன் வீட்டில் எல்லோரும் சுகமா? இங்கே கொள்ளைநோய் தின்றது போகப் பதினோரு வீட்டில் அடுப்பு எரிகிறது. கடல் கடந்து வந்து நம்மை ஆளும் ஸ்பானியரில் ஒருவனின் மாடுகள் நம் மக்காச்சோளத்தை மேய்ந்துவிட்டன. விரட்டப் போன உன் மாமாவிடம் மாட்டுக்காரன், "இன்னும் எத்தன நாளைக்குய்யா? உங்க ஊரே எங்க மொதலாளிக்குத்தான்" என்றானாம்.

அரசாங்கத்தார் எங்களை நீ இருக்கும் புது ஊருக்கு ஓட்டப்போகிறார்கள். இங்கே குடியிருப்பவர் யாருமில்லை என்று ஊர்ச்சபை எழுத்தர் எழுதிக் கொடுத்தால் நிலம் அந்த ஸ்பானியனுக்கு. அந்த எழுத்தர் நீதானே? எழுதாதே, கண்ணு. என் தொப்புள்கொடி இந்த அடுப்படியில் புதைந்திருக்கிறது, உன்னுடையது அந்தச் சோளக்காட்டு வரப்பில்.

உன் அக்கா
மக்தலேனா

சான் பேத்ரோ
மார்ச் 19

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் காலைத் தொட்டு எழுதுகிறேன். இங்கே தெருவெல்லாம் நூல் பிடித்தாற்போல் இருக்கிறது. கோயிலுக்கு மணியும் வந்துவிட்டது. சந்தைக்குப் பக்கத்தில் உனக்கொரு மனை சொல்லி வைத்திருக்கிறேன். நான் எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதுவான். ஊர்களை மாற்ற வந்திருக்கும் நீதிபதி என் எழுத்தைப் பார்த்து, "ஸ்பெயின்லகூட இப்படி எழுத ஆளில்ல" என்றார். நம்மவர் யாருக்கும் இல்லாத குதிரையேறும் அனுமதியை எனக்கு வாங்கித் தருகிறாராம். பிடிவாதம் பிடிக்காமல் வந்துவிடு.

தம்பி
கஸ்பார்

அகாத்லா
ஏப்ரல் 7

கஸ்பாருக்கு,

நேற்று உன் காகிதத்தை எங்கள் முகத்துக்கு நேரே படித்தார்கள். இவ்வூரில் ஒருவரும் குடியில்லை என்று எழுதியிருந்தாய். முப்பத்தெட்டுப் பேர் நின்று கேட்டோம். உன் மாமா, "அப்ப நாங்கல்லாம் யாருய்யா?" என்றார். மாட்டுக்காரன் சிரித்தான்.

பிறகு கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். ஸ்பானியன் அவர்கள் சட்டச் சடங்குப்படி நாலு பக்கமும் கல் எறிந்து, புல்லைப் பிடுங்கி, நிலம் தன்னுடையது என்றான். அது உன் வரப்புப் புல்.

அவன் அன்னியன். நீ என் தம்பி. காகிதத்தை எஸ்தெபான் எட்டிப் பார்த்தான். ஓர் அடித்தல் திருத்தல் இல்லையாம். நீ சாமியார் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய நாளெல்லாம் உன் பங்குக் களையையும் நான்தான் வெட்டினேன். சீ.

இன்று மலையேறுகிறோம். அந்த மனையில் உன் குதிரையைக் கட்டு. இனிக் கடிதம் போடாதே. ஆளே இல்லாத ஊரில் உனக்கு அக்கா மட்டும் எங்கிருந்து வந்தாள்?

கீழே பெயர் போடச் சொல்கிறான் எஸ்தெபான். வேண்டாம் என்றுவிட்டேன்.