பொன்மொழிக்குக் கீழே ஒரு வரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டிப் பயல் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னிடம் ஓர் அனுமதி கேட்க வேண்டும். போனில் ஆரம்பித்தால் பாதியில் சிரித்துவிடுகிறேன், இல்லையென்றால் பேச்சை மாற்றி, குழந்தை சாப்பிட்டானா என்று கேட்டுத் தொலைக்கிறேன். போன வாரம் முழுக்க அப்படித்தான் ஆனது.

நம் குடியிருப்புக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கிறார் என்று சொன்னேன் அல்லவா? இரண்டாம் மாடிக்காரர். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால்கூட மூன்றாவது நடைமேடைக்கு வண்டி வருவது போலிருக்கும். பதவிக்கு வந்ததும் மனிதர் செய்த முதல் வேலை, லிஃப்டுக்குள் தினம் ஒரு பொன்மொழி ஒட்டியது. தடித்த பேனாவில், கொட்டை எழுத்தில்.

ஒரு நாள் லிஃப்ட் பழுதாகி நின்றிருந்தது. மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று கால் கடுக்க வந்தால், திறந்து கிடந்த லிஃப்டுக்குள் ஆர்க்கிமிடீஸ் சிரிக்கிறார்: “நிற்க ஓர் இடம் கொடுங்கள், உலகத்தையே நகர்த்திக் காட்டுகிறேன்.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கீழே எழுதினேன்: “உலகம் இருக்கட்டும், முதலில் இந்த லிஃப்டை நகர்த்துங்கள். இப்படிக்கு, ஐந்தாம் மாடி.”

மறுநாள் காலையிலேயே ஆள் வந்து சரிசெய்துவிட்டார்கள். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். உனக்குத் தெரியாதா என் வாயை? முடியாது என்ற சொல் முட்டாள்களின் அகராதியில்தான் உண்டு என்று நெப்போலியன் சொன்னதாக ஒட்டினார். நெப்போலியன் நம் குழாய் ரிப்பேர்க்காரரிடம் பேசிப் பார்த்ததில்லை போலும் என்று எழுதினேன். பிறகு கிரேக்க ஞானி டயோஜெனிஸ் வந்தார். என்ன வேண்டும், கேள் என்று அலெக்சாண்டர் வந்து நின்றபோது, கொஞ்சம் விலகி நில், வெயிலை மறைக்கிறாய் என்றாராமே, அந்த ஆள். மொட்டை மாடியில் போர்வையைக் காயப்போட்டு என் துணிகளுக்கு வெயிலை மறைக்கும் செயலாளரும் இதைப் படிக்கலாம் என்று எழுதி வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் போர்வை ஓரத்துக் கொடிக்குப் போயிருந்தது. காற்றில் விழுந்த என் துப்பட்டாவையும் எடுத்து கிளிப் மாட்டியிருந்தார்.

இதற்குள் குடியிருப்பே எங்களுக்கு ரசிகர் கூட்டமாகிவிட்டது. நாலாம் மாடிப் பல் டாக்டர், படித்து முடிக்க நேரம் போதவில்லை என்று எட்டாம் மாடிவரை போய் இறங்கி வருகிறார். நானும் சும்மா சொல்லக் கூடாது, காலையில் எழும்போதே இன்றைக்கு யார் வந்திருப்பார், என்ன சொல்லியிருப்பார் என்று மனது துள்ளியது. கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நிற்கவும் செய்தேன்.

அப்புறம்தான் வந்தது வினை. சாக்ரடீஸ் பெயரில் ஒன்று ஒட்டினார்: “கட்டாயம் திருமணம் செய்துகொள். நல்ல மனைவி அமைந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் தத்துவஞானி ஆகிவிடுவாய்.” நான் யோசிக்கவே இல்லை. “தினமும் தத்துவம் ஒட்டுகிறீர்களே, உங்கள் மனைவி எப்படி?” என்று கிறுக்கிவிட்டேன். அடுத்த நாள் சுவர் காலி. அதற்கடுத்த நாளும் காலி. வாட்ச்மேனைக் கேட்டேன். “அவரு சம்சாரம் தவறி ஆறு வருஷம் ஆச்சேம்மா, தெரியாதா?” என்றார். நேராக இரண்டாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன், மன்னிப்புக் கேட்டுவிட.

கதவைத் திறந்தவரைப் பார்த்தால் கோபமே இல்லை. மேசை முழுக்கப் புத்தகங்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: “ராஜா, தளபதி, ஞானி எல்லார்கிட்டயும் தேடிட்டேங்க. நீங்க கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லி வைக்கல. அதனால நானே சொல்லிடறேன். அவ இருந்தவரைக்கும் நான் பொன்மொழியே தேடினதில்ல. வீட்ல பேச ஆள் இருந்தது.” பிறகு, “இப்ப நீங்க கீழ எழுதற அந்த ஒரு வரிக்காகத்தான் ஒட்டறேன். மிச்ச நாளும் நாம இப்படியே ஒரே வீட்ல பேசிட்டு இருக்கலாமா?” என்று கேட்டார். ஊருக்கே மைக்கில் பேசிய மனிதருக்குக் குரல் நடுங்கியது. என் மகளைக் கேட்டுத்தான் சொல்வேன் என்றேன். லிஃப்ட் ஒன்று இருப்பதே மறந்துபோய், படியேறி வீட்டுக்கு வந்தேன்.

உன் சித்தியிடம் மட்டும் சொன்னேன். “இந்த வயசுலயாக்கா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?” என்றாள். நாலு பேர் என்னடி, எட்டு மாடியும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். ஆனால் நீ என்ன நினைப்பாய் என்பதுதான் எனக்கு முக்கியம். அப்பாவை மறந்துவிட்டேனோ என்று நினைப்பாயோ? இல்லையம்மா. உன் அப்பா அதிகம் பேசாதவர். அந்த அமைதியிலும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவர் போனபிறகு வந்த அமைதி வேறு. அதில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். உன்னிடம் சொன்னதில்லை.

உனக்கு மனதில்லை என்றால் தயங்காமல் சொல். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் கோபப்பட மாட்டேன். மாப்பிள்ளையிடமும் கலந்து பேசு. குழந்தைக்கு என் முத்தங்கள். நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இவரைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டு நீ வந்து நின்றபோது, படிப்பு என்ன, சம்பளம் என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் உன்னைச் சிரிக்க வைப்பாரா என்று மட்டும் கேட்டேன். எனக்கு அம்மா இல்லை. அந்தக் கேள்வியை நீதான் என்னைக் கேட்க வேண்டும். கேட்பாயா?

உன் பதிலுக்காகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
அம்மா